என்ஜின் ஓடும்போது ஓங்கிலுக்கு என்ன கேட்கும்?

என் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. குமரி மாவட்டக் கடலோர ஊரான நீரோடியில் முப்பது வருஷம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அவுட்போர்டு என்ஜினின் கைப்பிடியைப் பிடித்தபடி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காலத்தை ஓட்டியவர். அம்மாவிடம் ஒரு ரகசியம் சொன்னால் நாலாவது வீட்டிலிருந்து பதில் வரும். “அப்பாவுக்குக் காது போச்சு மக்ளே” என்பாள் அம்மா. அது பாதிதான் சரி.

மீதிப் பாதி வேறு விஷயம். காது நன்றாக இருந்த இருபத்தைந்து வயதிலும் வள்ளத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டதில்லை. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நிற்பவன் பத்தடி தூரத்திலிருந்து கத்துவான். வாய் அசைவது தெரியும், சொல் வந்து சேராது. அதனால் வள்ளத்தில் முக்கால்வாசிப் பேச்சு கைச்சாடைதான். என்ஜினை நிறுத்திய மறுநொடி, அதே ஆள் முணுமுணுத்தாலும் கேட்கும். அப்படியானால் காதில் கோளாறு இல்லை. கத்தியவனின் குரல் காது வரைக்கும் வந்திருக்கிறது. வந்தும் கேட்கவில்லை, என்ஜின் சத்தம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒலியியலில் இதற்கு ‘மறைத்தல்’ என்று பெயர். ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைக் காதுக்குத் தெரியாமல் மூடிவிடுவது. திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) போல கடலில் வாழும் பாலூட்டிகளை இரைச்சல் என்ன செய்கிறது என்று கேட்டால், திமிங்கிலம் கரையொதுங்கிய செய்தியும் போர்க்கப்பல் நீருக்குள் ஒலி அனுப்பித் தேடும் ‘சோனார்’ கருவியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவையும் உண்டு, கடைசியில் சொல்கிறேன். ஆனால் அன்றாடம், எல்லாக் கடலிலும், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நடந்துகொண்டிருப்பது இந்த மறைத்தல்தான். டியூஷன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்த்ததில், முதலில் கடலுக்குள் சத்தம் எப்படிப் போகிறது என்று தொடங்கினால்தான் பிடிபடுகிறது.

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது பாதி தெரிந்த சங்கதி. ஜூன் மாதம் மழை பிடித்தால் நெய்யாறும் குழித்துறை ஆறும் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்; முழங்கால் ஆழத்தில் உங்கள் கால் உங்களுக்கே தெரியாது. தெளிந்த நடுக்கடலிலும் வெளிச்சம் ரொம்ப தூரம் இறங்குவதில்லை. 200 மீட்டருக்குக் கீழே இருட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே கண்ணை நம்பிப் பிழைப்பது கஷ்டம். சத்தமோ நேர்மாறு. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகிறது. வேகத்தைவிடப் பெரிய விஷயம், அது எவ்வளவு தூரம் போகிறது என்பது. 1991 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஹேர்டு தீவுக்குப் பக்கத்தில், ஒரு கப்பலிலிருந்து தாழ்ந்த சுருதியில் நீருக்கடியில் ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டு பக்கமும் அது கேட்டது. ஆழ்கடலில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து ஓர் அடுக்கை உண்டாக்குகின்றன. அதற்குள் சிக்கிய தாழ்சுருதி ஒலி மேலேயும் சிதறாமல் கீழேயும் சிதறாமல், வாய்க்காலில் விட்ட தண்ணீர் மாதிரி ஓடும். திமிங்கிலங்களுக்கு அந்த வாய்க்கால் மனிதன் வருவதற்குப் பல லட்சம் வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம்.

ஓங்கிலுக்குக் காதுமடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தினாற்போல ஒரு துளை இருக்கும். கேட்பதற்கு அதையும் பெரிதாக நம்பியிருப்பதில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள்ளும் அதைச் சுற்றியும் உள்ள ஒரு கொழுப்பு வழியாகத்தான் ஒலி உட்காதுக்குப் போய்ச் சேர்கிறது. தாடையால் கேட்கிற பிராணி என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நெற்றியில் முலாம்பழம் போலப் புடைத்திருக்கிறதே, அதுவும் கொழுப்புதான். உள்ளிருந்து எழும் ‘டிக் டிக்’ ஒலியை டார்ச் வெளிச்சம் போல ஒருமுகமாக்கி முன்னால் பாய்ச்சுவது அதன் வேலை. போன ஒலி மீனில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியை வைத்து அது இரையைக் காண்கிறது. இது தவிர விசில் போன்ற குரலும் உண்டு. புட்டிமூக்கு ஓங்கில்களில் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு விசில் மெட்டு இருக்கிறது. ஏறக்குறைய பெயர் மாதிரி. கூட்டத்தில் பிரிந்த தாயும் குட்டியும் ஒன்றையொன்று தேடுவது அந்த மெட்டை வைத்துத்தான்.

ஆக, வழி, இரை, துணை, பிள்ளை, ஆபத்து, எல்லாம் காது வழியாக. இப்போது அந்தக் காதின் மேல் இரைச்சலை வைத்துப் பார்க்கலாம்.

சத்தம் பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. இந்தப் பக்கத்துக் கோவில் திருவிழாவில் செண்டை மேளம் கேட்டிருப்பீர்கள். பத்திருபது பேர் வரிசையாக நின்று இடிக்கிறார்கள், நெஞ்சு அதிர்கிறது. அதற்கு நடுவிலும் இலைத்தாளத்தின் ‘ஜிங்’ தனியாகக் கேட்கிறது. குறுங்குழலும் காதில் விழுகிறது. ஆனால் பக்கத்தில் நிற்கிற மாமா சாதாரணக் குரலில் கேட்ட கேள்வி விழுவதில்லை. தாளமும் குழலும் செண்டைக்கு எட்டாத உயரத்தில் ஒலிக்கின்றன. மாமாவின் குரல் செண்டை நிற்கிற அதே தெருவில் போய் மாட்டிக்கொள்கிறது.

தெரு என்று சும்மா சொல்லவில்லை. உட்காது ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத்தான் கேட்கிறது. அதை வரிசையாக அடுக்கிய சல்லடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சல்லடையும் ஒரு குறிப்பிட்ட சுருதிப் பட்டையை மட்டும் விடும். அமெரிக்க இயற்பியலாளர் ஹார்வி ஃபிளெட்சர் 1940-ல் இதை எளிமையாகக் காட்டினார். ஒரு சுருதியில் மெல்லிய ஒலி. அதே சுருதியைச் சுற்றி ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல். இரைச்சலின் பட்டையை இரண்டு பக்கமும் அகலமாக்கிக்கொண்டே போனால் மெல்லிய ஒலியைக் கேட்பது கடினமாகிக்கொண்டே போகும். ஓர் எல்லை வரைக்கும்தான். அதற்கு மேல் எவ்வளவு அகலமாக்கினாலும் காதுக்கு ஒன்றும் கூடுவதில்லை. எல்லைக்கு வெளியே இருக்கிற இரைச்சல் வேறு சல்லடைக்குப் போய்விடுகிறது, இந்தச் சல்லடையில் விழுவதில்லை. ஓங்கிலையும் சீல் என்ற கடல்நாயையும் பழக்கி இதே மாதிரிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் காதும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இதிலிருந்து முதல் பாடம்: ‘எவ்வளவு சத்தம்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘எந்தச் சுருதியில்?’ என்றும் கேட்க வேண்டும். ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. சுருதி தாழ்ந்த பெரிய சத்தம் தன் தெருவைத் தாண்டி மேலே உள்ள தெருக்களிலும் கொஞ்சம் வழியும். மேலே உள்ளது கீழே அவ்வளவாக வழியாது. லாரி உறுமினால் பேச்சு கெடும். கொசு ரீங்காரத்தில் லாரி சத்தம் மறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, கடலில் யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? சுருதியை ஹெர்ட்ஸில் சொல்வார்கள்; நொடிக்கு இத்தனை அதிர்வு என்று அர்த்தம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ்.

அடித்தட்டில் நீலத் திமிங்கிலம். அதன் குரலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. நம் காதுக்கு எட்டாத 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே கூட இறங்கும். நீருக்குள் 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 75 மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட அலையைக் கடல்நீர் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, அதனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். மாடியில் ஓங்கில். அதன் விசில் ஏறக்குறைய 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ். எதிரொலிக்காக அனுப்பும் ‘டிக்’ 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். அங்கே அலையின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். சின்ன மீனை உருப்படியாகக் ‘காண’ அவ்வளவு பொடியான அலை வேண்டும். ஆனால் உயர்ந்த சுருதியைக் கடல்நீர் சீக்கிரம் தின்றுவிடும். சில நூறு மீட்டருக்கு மேல் அந்த டார்ச் அடிக்காது.

இரைச்சலுக்கும் தெரு உண்டு. பெரிய சரக்குக் கப்பலின் சத்தத்தில் பெரும்பங்கு பத்து ஹெர்ட்ஸிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரை. நேராக நீலத் திமிங்கிலத்தின் வீட்டு வாசல். எங்கள் வள்ளங்களின் அவுட்போர்டு என்ஜின் சின்னது, வேகமாகச் சுற்றுவது. அதன் சத்தம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை ஏறி, ஓங்கிலின் விசில் இருக்கும் இடத்தில் கால் வைக்கும். ஒரு வித்தியாசம் இருக்கிறது. வள்ளத்தின் சத்தம் பக்கத்தில் மட்டும் தொல்லை. வள்ளம் கடந்து போனால் முடிந்தது. கப்பலின் தாழ்சுருதியோ அந்த ஆழ்கடல் வாய்க்காலில் இறங்கி, கப்பலே தெரியாத தூரத்திலும் பின்னணி உறுமலாகக் கிடக்கும்.

கப்பலில் சத்தம் போடுவது என்ஜின் மட்டுமல்ல. வேகமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லரின் இலைகளுக்குப் பின்னால் அழுத்தம் சட்டென்று குறைந்து, தண்ணீர் கொதித்தாற்போலக் குமிழ்கள் பிறக்கும். பிறந்த வேகத்தில் நசுங்கி உடையும். கோடிக்கணக்கான குமிழ்கள் உடைகிற சத்தம்தான் பெரும்பாலும் கப்பலின் சத்தம்.

குமிழ் என்றதும் நினைவு வருகிறது. சின்ன வயதில் பாறை ஓரம் முங்கினால், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்கும். “பார் பொரியுது” என்பார் அப்பா (பார் என்றால் கடலுக்கடியில் உள்ள பாறை), அதற்கு மேல் விளக்கம் கிடையாது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது விரல் நீளம் கூட இல்லாத ஒரு வகை இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் படாரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து, ஒரு குமிழ் பிறந்து உடைகிறது. கப்பலின் ப்ரொப்பெல்லரும் இந்தப் பொடி இறாலும் சத்தம் போடுவது ஒரே வித்தையால்.

இதைச் சொல்லக் காரணம், கடல் ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. காற்று, அலை, மழை, இறால், மீன் எல்லாம் சேர்ந்த சத்தம் மனிதனுக்கு முன்பே உண்டு; கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் காலத்தில் அது இன்னும் கூடும். மிருகங்கள் அதற்குத் தகுந்தாற்போலப் பழகியிருக்கின்றன. அமெரிக்காவில் சான் டியேகோ விரிகுடாவில் வளர்த்த ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தை ஹவாய்த் தீவின் ஒரு விரிகுடாவுக்கு மாற்றினார்கள். புது இடம் இந்த இறால்களால் ஓயாமல் பொரிகிற இடம். சான் டியேகோவில் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் ‘டிக்’ போட்டுக்கொண்டிருந்த திமிங்கிலம், ஹவாயில் 100 முதல் 120 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது, சத்தத்தையும் கூட்டிவிட்டது. நெரிசலான தெருவை விட்டு அடுத்த தெருவில் வண்டியை ஓட்டியது என்று சொல்லலாம். 1985-ல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தத் திமிங்கிலத்தின் மேல் தனி மரியாதையே வந்தது.

நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்த தெரு இல்லை. உடம்பும் தொண்டையும் அவ்வளவு பெரிது. அதன் குரல் அங்கேதான் இருக்க முடியும்.

இது எங்கோ பனிக்கடல் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். 2021-ல் விழிஞ்ஞத்துக்கு அப்பால் கடலில் இறக்கி வைத்த ஒலிவாங்கிகளில் நீலத் திமிங்கிலத்தின் குரல் பதிவானதாக கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து கரையோரமாகவே வடமேற்கே போனால் பொழியூர், பூவார், அப்புறம் விழிஞ்ஞம். அப்பா தூண்டில் போட்ட கடல் அது. பூமியில் இருந்த, இருக்கிற விலங்குகளிலேயே பெரியது அங்கே பேசிக்கொண்டு போயிருக்கிறது; முப்பது வருஷம் அவர் காதில் அது விழவில்லை. சுருதியும் மனிதக் காதுக்குக் கீழே, என்ஜினும் மேலே.

அதே விழிஞ்ஞத்தில்தான் 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்றது. 2025 மே 2-ல் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, பன்னாட்டுக் கப்பல் வழி அங்கிருந்து பத்துக் கடல்மைல் அளவில் போகிறது என்பது. கப்பல்களின் உறுமல் துறைமுகத்துக்கு முன்பே இந்தக் கடலில் இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். இப்போது அந்தக் கப்பல்களில் சில வழியை விட்டுக் கரைக்குத் திரும்புகின்றன. துறைமுகம் வேண்டும், வேண்டாம் என்று எங்கள் கரையில் எல்லா டீக்கடையிலும் ஒரு வழக்கு ஓடுகிறது. கடலரிப்பும் அதைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவும் அதில் வரும், சத்தம் வராது. கண்ணுக்குத் தெரியாததற்கு டீக்கடையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

ஓர் ஓங்கிலின் விசில் அமைதியான கடலில் இரண்டு கிலோமீட்டர் வரை இன்னொரு ஓங்கிலுக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சுருதியில் பின்னணி இரைச்சல் 6 டெசிபல் கூடுகிறது (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு). ஒலி எல்லாப் பக்கமும் பரவும்போது தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள்: 6 டெசிபல் இரைச்சல் கூடினால் கேட்கும் தூரம் பாதியாகும், ஒரு கிலோமீட்டர். பாதிதானே போனது என்று தோன்றும். ஆனால் ஓங்கில் ஒரு கோட்டில் வாழவில்லை. சுற்றிலும் உள்ள வட்டத்தைக் கணக்கிட்டால் பரப்பு கால்வாசி ஆகிவிடுகிறது. முன்பு நூறு உறவுக்காரர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள் என்றால் இப்போது இருபத்தைந்து பேர். ஆழ்கடல் வாய்க்காலில் போகும் தாழ்சுருதிக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒலி மேலும் கீழும் பரவாததால் தூரத்தோடு மெதுவாகத்தான் குறையும். அதனாலேயே 6 டெசிபல் இரைச்சல் கேட்கும் தூரத்தைக் கால்வாசியாக்கும், பரப்பைப் பதினாறில் ஒரு பங்காக்கும்.

காதில் ஒரு கீறல் இல்லை. மிருகம் முன்போலவே நீந்துகிறது, சாப்பிடுகிறது. அதன் உலகம் மட்டும் சுருங்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதைக் ‘கேட்புவெளி’ என்ற கணக்கால் அளக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு வெளியே உள்ள ஸ்டெல்வாகன் திட்டுக் கடலில் ‘ரைட்’ என்ற வகைத் திமிங்கிலங்களுக்கு, பழைய அமைதியோடு ஒப்பிட்டால் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு கேட்புவெளி போய்விட்டதாக 2012-ல் கணக்கிட்டார்கள். அது சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடல் என்பதுதான் வேடிக்கை. கலிபோர்னியாவுக்கு வெளியே ஓரிடத்தில் 1960-களில் பதிந்த ஒலியையும் 2003-04-ல் அதே இடத்தில் பதிந்ததையும் ஒப்பிட்டால், தாழ்சுருதியில் பின்னணி இரைச்சல் 10 டெசிபலுக்கு மேல் ஏறியிருந்தது. மேலே போட்ட 6 டெசிபல் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

டெசிபல் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘கப்பலின் சத்தம் 180 டெசிபல், ஜெட் விமானத்தைவிட அதிகம்’ என்று செய்திகளில் வரும். நீரில் அளக்கும் டெசிபலும் காற்றில் அளக்கும் டெசிபலும் வேறு வேறு படியால் அளந்தவை. ஒரே அளவு ஒலிச்செறிவுக்கு நீரில் எழுதும் எண் காற்றில் எழுதுவதைவிடச் சுமார் 62 கூடுதலாக இருக்கும். எங்கள் ஊர்ச் சந்தையில் பழைய பக்காவையும் கிலோவையும் ஒன்றாக எண்ணினால் என்ன ஆகும், அந்தக் கதைதான்.

எதிர்பாராத ஒரு முடிவும் உண்டு. மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் போகிற சின்னப் படகு 50 மீட்டருக்குள் இருந்தால், ஆழமில்லாத கடலில் புட்டிமூக்கு ஓங்கிலின் கேட்கும் தூரம் 26 சதவீதம் குறையலாம். ஆழ்கடலில் பைலட் திமிங்கிலத்துக்கு 58 சதவீதம் குறையலாம் என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. அமைதியான இடத்தில் இருப்பதற்குத்தான் அடி அதிகம். இறால் பொரிகிற கரையில் ஓங்கிலின் கேட்கும் தூரம் ஏற்கெனவே குறைவு. படகு அதில் இன்னும் கொஞ்சம் எடுக்கிறது. நிசப்தமான இடத்திலோ இழக்க நிறைய இருக்கிறது. ஊரே உறங்கும் நேரத்தில் ஒரு பைக் போனாலும் நாம் புரண்டு படுக்கிறோமே.

மறைத்தலுக்கு உள்ளான மிருகம் சும்மா இருக்குமா? அப்பா செய்ததைத்தான் அதுவும் செய்கிறது: கத்துகிறது. 1911-ல் எட்டியென் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர், காதில் இரைச்சலைக் கொடுத்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று எழுதினார். லோம்பார் விளைவு என்று அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். அமெரிக்க, கனடா எல்லைக் கடலில் ஓர்க்காத் திமிங்கிலங்களை அளந்தபோது, பின்னணி இரைச்சல் ஒரு டெசிபல் கூடினால் அவையும் ஒரு டெசிபல் கூட்டிக் கூப்பிட்டன. கப்பல் சத்தத்துக்கு மேலே தெரிகிற மாதிரி ரைட் திமிங்கிலங்கள் சுருதியை ஏற்றியிருக்கின்றன. சில கூட்டங்கள் ஒரே அழைப்பை நீட்டி முழக்குகின்றன. சில பேச்சை நிறுத்திவிடுகின்றன, சில இடத்தைக் காலி செய்கின்றன.

கத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு, செலவும் உண்டு. இதற்கு நல்ல சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. கங்கையில் வாழும் ஆற்று ஓங்கிலுக்கு ஏறக்குறையப் பார்வை கிடையாது. கலங்கிய ஆற்றில் வாழ்க்கை முழுக்க எதிரொலிதான். மோட்டார் படகுகளின் சத்தத்தால் அது தன் ஒலியை மாற்றிக்கொள்கிறது, அதற்குச் செலவாகும் சக்தி கூடுகிறது என்று 2019-ல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோடையில் ஆற்றில் தண்ணீர் இறங்கினால் நிலைமை மோசமாகிறது. ஒதுங்கிப் போக இடமிருக்காது. 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்கு என்று நாம் பட்டம் கொடுத்த பிராணி இது.

சில நேரம் கத்தவே முடியாது. கூன்முதுகுத் திமிங்கிலத்தில் தாயும் பிறந்த குட்டியும் ரொம்ப மெதுவாகத்தான் பேசிக்கொள்கின்றன. சத்தம் போட்டால் ஓர்க்காவுக்குக் கேட்டுவிடும் என்பதால் இருக்கலாம் என்கிறார்கள். குரலை உயர்த்தினால் எதிரி வருவான், உயர்த்தாவிட்டால் படகுச் சத்தத்தில் தாய்க்குக் கேட்காது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மனதை அறுப்பது இந்த இடம்தான்.

இத்தனையையும் சொல்லும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: “திமிங்கிலத்துக்கு எரிச்சலா இருக்கும்னு எப்படித் தெரியும் சார்? அது சொல்லிச்சா?” நியாயமான கேள்வி. பதில் தற்செயலாகக் கிடைத்தது. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து ரொம்பக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வேறு காரணங்களுக்காக ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியிருந்தது. சாணத்தில் மன உளைச்சலைக் காட்டும் ஹார்மோன் பொருட்களும் குறைந்திருந்தன. அடுத்து வந்த வருஷங்களில் அதே பருவத்தில் அந்தக் குறைவு இல்லை. அது சொல்லத்தான் செய்தது, கேட்கிற இடம்தான் வேறு.

முதலில் தள்ளிவைத்த விஷயம். ரொம்பப் பெரிய சத்தம் காதையே கெடுக்கும். பட்டாசு பக்கத்தில் வெடித்தால் கொஞ்ச நேரம் ‘ஞொய்’ என்று அடைத்துக்கொண்டு, பிறகு சரியாகிறதே, அது தற்காலிகக் கேட்புக் குறைவு; அடிக்கடி நடந்தால் நிரந்தரம். ஓங்கிலுக்கும் சீலுக்கும் இது நடப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். போர்க்கப்பல் சோனார் இன்னொரு வகை. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கி இறந்ததற்குத் தன் சோனாரே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையே ஒப்புக்கொண்டது. இவை செய்தியாகின்றன, ஆகவும் வேண்டும். மறைத்தலில் பிணம் விழுவதில்லை, அதனால் செய்தியும் இல்லை.

என்ன செய்யலாம் என்றால், பதில் ஆச்சரியமாக எளிது: மெதுவாகப் போகலாம். வேகம் குறைந்தால் ப்ரொப்பெல்லரில் குமிழ் குறையும், சத்தம் குறையும். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல் ஓர்க்காக்கள் நடமாடும் நீர்வழியில் கப்பல்களைத் தாங்களாகவே வேகம் குறைக்கச் சொல்லிவருகிறது. நீருக்கடி இரைச்சல் இறங்கியதை அளந்தும் காட்டியிருக்கிறது. இலங்கையின் தென்முனைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்திலேயே கப்பல் வழி போகிறது. 2022-ல் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம் மோதலைத் தவிர்க்கத் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட முடிவு செய்தது. தள்ளிப் போனால் சத்தமும் தள்ளித்தான் போகும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-ல் சத்தம் குறைந்த கப்பல்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு, 2023-ல் திருத்தியது. கட்டாயம் இல்லை, வழிகாட்டல்தான்.

2025 மே மாதம் கேரளக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் அலையோடு எங்கள் கரை வரைக்கும் வந்தன. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக. பொறுக்கப் பொறுக்க மணலுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கே கிடக்கும். சத்தம் அப்படிக் கிடப்பதில்லை. போட்டவன் நிறுத்திய நொடியில் போய்விடும்.

அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. போன மாதம் தம்பியின் வள்ளத்தில் சும்மா கூட வந்தார், நானும் இருந்தேன். பார் வந்ததும் தம்பி என்ஜினை நிறுத்தினான். காது ஒரு நிமிஷம் அடைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டுவது கேட்டது. அப்புறம் எங்கோ வலப்பக்கத்தில் ‘பூஸ்’ என்று மூச்சு விடுகிற சத்தம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அப்பாவுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. என் முகம் திரும்பிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஓங்கிலா மக்ளே?” என்று கேட்டார், பக்கத்து வள்ளத்துக்காரனும் திரும்பிப் பார்க்கிற குரலில்.